பனிக்காலத்தில் நட்ட பதினான்கு குச்சிகள்

வங்கிக் கணக்கை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாற்ற ஒரு விண்ணப்பம் போதும். கணக்கு எண் மாறுவதில்லை. சேமிப்பில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் வேரூன்றி நிற்கும் செடியை எந்த விண்ணப்பத்தைக் கொண்டு மாற்றுவது? 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சிம்லாவில் உள்ள ஒரு வங்கிக் கிளையின் வரிசையில் நின்றபடி ஒரு மூதாட்டி என்னிடம் கேட்ட கேள்வி இது.

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் ஆயுள் சான்றிதழ் அளிப்பது வழக்கம். அதற்காகவே அவர் வந்திருந்தார். கையோடு, தம் கணக்கைச் சண்டிகருக்கு மாற்றும் விண்ணப்பமும் இருந்தது. அவர் என் பழைய வீட்டுக்காரர். ஆறு ஆண்டுகள் அவர் வீட்டின் மேல்தளத்தில் நான் குடியிருந்தேன். எல்லோரையும் போல நானும் அவரை 'மாதாஜி' என்றே அழைப்பேன். அவர் என்னை 'பேட்டா' என்பார்.

2023 ஆகஸ்டு மாதத்துப் பெருமழை சிம்லாவை உலுக்கியதை வாசகர்கள் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். சம்மர் ஹில், ஃபாக்லி, கிருஷ்ணா நகர் ஆகிய பகுதிகளில் மலைச்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. அந்த வாரத்திலேயே எங்கள் வீட்டின் தாங்குசுவரும் வாய் பிளந்தது. படுக்கையறைத் தரையில் கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் ஓடியது. குடியிருக்கத் தகுதியற்றது என்று வீட்டின் கதவில் குறியிட்டார்கள். நான் சஞ்சௌலியில் ஓர் அறைக்கு மாறினேன். மாதாஜி உறவினர் வீட்டில் தங்கினார். அடுத்த மழைக்குள் வீட்டை இடித்துவிட வேண்டும். பணி மார்ச் மாதத்தில் தொடங்கும். அதன்பின் அவர் சண்டிகரில் மகள் வீட்டோடு இருப்பார் என்று முடிவாயிற்று.

வீட்டின் முன்புறம், தாங்குசுவரின் தலைமாட்டில், ஆளுயர ஹைட்ராஞ்சியாச் செடி ஒன்று இருந்தது. 1971ஆம் ஆண்டு, திருமணமான புதிதில், அவருடைய கணவர் மஷோப்ராவிலிருந்து ஒரு குச்சியாகக் கொண்டுவந்து நட்டதாம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் குழந்தையின் தலையளவு நீலப் பூக்கொத்துகள் அதில் நிறையும். கணவர் மறைந்த பிறகு, வீட்டில் அவர் கையால் வந்ததாக எஞ்சியிருந்தவற்றுள் உயிருள்ளது அது ஒன்றுதான்.

"வீடு போனால் போகட்டும், பேட்டா. அது கல்லும் மண்ணும். அந்தச் செடியை என்ன செய்வது?" என்றார்.

வேரோடு பெயர்ப்பது இயலாது. அதன் வேர்கள் பிளந்த தாங்குசுவரின் கற்களுக்கிடையே ஓடியிருந்தன. அங்கே கடப்பாரை போடுவது சுவரையே கீழே இழுத்துவிடும். கோடையில் இளந்தண்டு எடுத்து நடுவதே எல்லோரும் செய்யும் முறை; ஆனால் கோடை வரும்போது செடி இருக்காது. எஞ்சியிருந்தது பனிக்காலம் மட்டுமே. ஆகவே, முற்றிய குச்சியைப் பனிக்காலத்தில் நட்டு வேர்பிடிக்க வைக்கும் முறையை நான் கற்க வேண்டியதாயிற்று. கற்றதையும், கற்கும்போது செய்த பிழைகளையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜப்பானிலிருந்து நம் மலைகளுக்கு

நம் மலைவாழிடங்களில் பரவலாகக் காணப்படும் பெரிய இலை ஹைட்ராஞ்சியா, ஜப்பானைத் தாயகமாகக் கொண்டது. தாவரவியலார் அதனை 'ஹைட்ராஞ்சியா மேக்ரோபில்லா' என்பர். நீர், கலம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே ஹைட்ராஞ்சியா. அதன் விதைக்காய் சிறு நீர்க்குடத்தைப் போலிருப்பதால் வந்த பெயர் அது. ஆயினும் இச்செடியின் தீராத தாகத்தை அறிந்தவர்கள், பெயருக்கு வேறு காரணம் தேட மாட்டார்கள்.

ஜப்பானியர் இதனை 'அஜிசாய்' என்று அழைக்கின்றனர். 1823ஆம் ஆண்டு நாகசாகிக்கு வந்த ஜெர்மானிய மருத்துவர் சீபோல்டு, ஜப்பானில் தம் துணைவியாக வாழ்ந்த ஓதாகி என்ற பெண்ணின் பெயரை இச்செடியின் ஒரு வகைக்குச் சூட்டினார். பின்னர் அவர் நாடு கடத்தப்பட்டார். மனைவியும் மகளும் ஜப்பானிலேயே தங்கிவிட்டனர். பிரிந்தவரின் நினைவைச் சுமக்கும் வேலை இச்செடிக்குப் புதிதன்று.

இமயமலைக் காடுகளில் இயற்கையாக வளரும் ஹைட்ராஞ்சியா இனங்களும் உண்டு. ஆனால் வீட்டுத் தோட்டங்களில் நாம் காண்பது பெரும்பாலும் ஜப்பானிய இனமே. சிம்லா, மசூரி, நைனிதால், டார்ஜிலிங், கேங்டாக், ஷில்லாங் தொடங்கி உதகை, கொடைக்கானல், மூணாறு வரை, குளிர்ச்சியும் ஈரமும் கூடிய இடங்களில் எல்லாம் இது தன் வீடுபோலச் செழிக்கிறது.

குச்சி எவ்வாறு செடியாகிறது?

முருங்கைப் போத்து நடுவதைக் கண்ட நமக்கு இது புதிய செய்தியன்று. எனினும் உள்ளே நடப்பதைச் சற்று அறிந்துகொண்டால் பிழைகள் குறையும்.

பனிக்காலத்தில் இலையுதிர்த்த செடி இறந்துவிடுவதில்லை, உறங்குகிறது. கோடையிலும் மழையிலும் இலைகள் சமைத்த உணவை மாவுப்பொருளாகத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்துக்கொண்டு உறங்குகிறது. அச்சேமிப்பே குச்சியின் முதலீடு. வெட்டப்பட்ட குச்சியில் மொட்டுகளிலிருந்து ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் கீழ்நோக்கி இறங்கி, அடிமுனையில் தேங்குகிறது. வெட்டுக்காயத்தின்மீது வெளிறிய தழும்புத் திசு ஒன்று உருவாகிறது. கணுவை ஒட்டிய பகுதியிலிருந்து வேர்கள் கிளம்புகின்றன. ஹைட்ராஞ்சியாவின் தண்டில், வேராக மாறக்கூடிய முளைகள் முன்னரே உறங்கிக் கிடக்கின்றன என்பது தாவரவியலார் கண்ட உண்மை. அதனாலேயே ரோஜாவைவிட இது எளிதில் வேர்பிடிக்கிறது.

கோடையில் எடுக்கும் இளந்தண்டு மூன்று, நான்கு வாரங்களில் வேர்விடும். ஆனால் இலைகள் வழியே நீரை இழந்து விரைவில் வாடும். பனிக்காலக் குச்சிக்கு இலை இல்லை. ஆகவே வாட்டம் இல்லை. மாறாக, வேர்விட எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள், சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகும். பொறுமை உள்ளவர்களுக்கு உகந்த முறை இது.

குச்சியைத் தேர்ந்தெடுத்தல்

2024 ஜனவரி முதல் வாரத்து ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குச் சென்றோம். உள்ளே நுழைய வேண்டிய தேவை இருக்கவில்லை. வேலிக்கு வெளியே, நடைபாதையின்மீது சாய்ந்திருந்த கிளைகளே போதுமானவையாக இருந்தன. மாதாஜி குச்சிகளைச் சுட்டிக்காட்ட, நான் வெட்டினேன். பதினான்கு குச்சிகள்.

தேர்வில் கவனிக்க வேண்டியவை இவை.

சென்ற ஆண்டு வளர்ந்த, பென்சில் பருமனுள்ள தண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். மிக மெல்லியவற்றில் சேமிப்பு போதாது. மிகத் தடித்த பழைய தண்டுகள் வேர்விட மறுக்கும். நகத்தால் பட்டையை மெல்லக் கீறினால் உள்ளே பச்சை நிறம் தெரிய வேண்டும். பழுப்பாக இருந்தால் அது உயிரற்றது.

குச்சியின் நீளம் 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று சோடிக் கணுக்கள் அதில் இருக்க வேண்டும். அடிமுனையைக் கணுவுக்குச் சற்றே கீழே நேராக வெட்டுங்கள். மேல்முனையை மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். சாய்வான வெட்டில் நீர் தங்காது. அதைவிட முக்கியம், எது தலை, எது கால் என்பது பின்னர் குழம்பாது. தலைகீழாக நட்ட குச்சி வேர்விடாது.

தண்டின் நுனியில் பருத்த மொட்டு இருந்தால் அது பூமொட்டு. ஹைட்ராஞ்சியா மேக்ரோபில்லா, அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டை முந்தைய மழைக்காலத்தின் இறுதியிலேயே உருவாக்கிவிடுகிறது. நடவிருக்கும் குச்சியில் அம்மொட்டை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் வேருக்குச் செல்ல வேண்டிய சேமிப்பு பூவுக்குச் செலவாகிவிடும். தாய்ச்செடி தொடர்ந்து வாழப்போகிறதென்றால், பூமொட்டு இல்லாத பக்கக் கிளைகளையே எடுங்கள். பனிக்காலத்தில் செடியை மொட்டையடித்துவிட்டு, கோடையில் பூக்கவில்லையே என்று வருந்துவோர் பலர்.

கவாத்துக் கத்தரியின் வாயைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொள்வது நன்று. உடனே நட இயலாவிட்டால், குச்சிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு வாரம் வரை வைத்திருக்கலாம். வெளியூரிலிருந்து கொண்டுவருவோருக்கும் இதுவே வழி.

நடவு

மண்ணில் நடாதீர்கள். தோட்டமண் இறுகி, நீரைத் தேக்கி, குச்சியின் அடியை அழுக வைக்கும். கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்ற கலவையே போதும். கடையில் வாங்கும் நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, ஓரிருமுறை நல்ல நீரில் அலசிப் பிழிந்தால் அதிலுள்ள உப்பு நீங்கும். கலவையைக் கையில் அள்ளி அழுத்தினால் ஓரிரு துளி நீர் மட்டுமே சொட்ட வேண்டும். அதுவே சரியான ஈரம்.

வேர் ஊக்கித் தூள் விதைக்கடைகளில் கிடைக்கும். இண்டோல் பியூட்ரிக் அமிலம் அதன் மூலப்பொருள். முற்றிய தண்டுக்கென்று தனியாகக் குறிப்பிட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். குச்சியின் அடிமுனையை ஈரப்படுத்தி, தூளில் ஒரு சென்டிமீட்டர் அளவு தோய்த்து, மிகையானதைத் தட்டிவிடுங்கள். கலவையில் ஒரு பென்சிலால் குழியிட்டு, அதன்பின் குச்சியை இறக்குங்கள். நேரடியாகக் குத்தினால் தூள் முழுவதும் மேலேயே உரசி உதிர்ந்துவிடும். குச்சியின் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இருக்க வேண்டும். ஒரு கணுவேனும் வெளியே இருக்க வேண்டும். சுற்றிலும் விரலால் அழுத்தி, ஒருமுறை நீர் ஊற்றி, நட்ட தேதியை ஒரு சீட்டில் எழுதிச் செருகுங்கள். எட்டு வாரங்கள் என்பது நினைவில் மூன்று வாரமாகவோ மூன்று மாதமாகவோ தோன்றும். தேதி மட்டுமே உண்மை சொல்லும்.

அடிவெட்டிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியைக் குச்சியின்மீது கவிழ்த்தால் ஈரம் காக்கும் கூடாரம் ஆயிற்று. நேர்வெயில் படாத, வெளிச்சம் மிகுந்த சன்னலோரம் ஏற்ற இடம். குச்சியின் அடி சற்று வெதுவெதுப்பாகவும் தலை குளிர்ச்சியாகவும் இருந்தால் வேர் முந்தும், இலை பிந்தும். அதுவே நமக்கு வேண்டுவது. கலவையின் வெப்பநிலை 18 முதல் 21 டிகிரி செல்சியசு வரை இருப்பது சிறப்பு. என் அறையில் அவ்வளவு வெப்பம் இல்லை. ஆகவே அடுக்களைச் சுவரையொட்டிய மரத்தட்டில் தொட்டிகளை வைத்தேன். அறைச்சூடாக்கியின் அருகில் வைக்க வேண்டாம். அது கலவையை உலர்த்திவிடும்.

தொட்டி, மணல், நார்க்கழிவு, தூள் என அனைத்துக்கும் எனக்கான செலவு 300 ரூபாய்க்குள் அடங்கியது.

நான் செய்த பிழைகள்

முதல் பிழை, அன்பு மிகுந்ததால் நேர்ந்தது. குளிர் தாக்கிவிடுமோ என்று அஞ்சி, கவிழ்த்த புட்டிகளின் மூடியைத் திறக்கவே இல்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு தொட்டியில் இருந்த மூன்று குச்சிகளின்மீது சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்தது. தொட்டால் கொழகொழவென்று இருந்தன. அவற்றை உடனே அகற்றி, மற்ற புட்டிகளின் மூடிகளைத் திறந்துவிட்டேன். அன்று முதல், நாள்தோறும் கால்மணி நேரம் புட்டியையே எடுத்துவைத்துக் காற்றாட விட்டேன். ஈரம் வேண்டும், தேங்கிய காற்று ஆகாது.

இரண்டாம் பிழை, ஆவலால் நேர்ந்தது. பிப்ரவரி இறுதியில் ஒரு குச்சியின் மொட்டு பிளந்து இரண்டு பச்சை இலைகள் எட்டிப்பார்த்தன. மாதாஜி அதற்குள் சண்டிகர் சென்றுவிட்டார். படமெடுத்து அனுப்பினேன். அன்று மாலையே அவர் தொலைபேசியில் அழைத்து, பேத்தி பிறந்த செய்தியைக் கேட்டவர் போல மகிழ்ந்தார். எனக்கோ வேரைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆவல். மறுநாள் குச்சியை இழுத்துப் பார்த்தேன். அடியில் வெளிறிய தழும்பு மட்டுமே இருந்தது. வேர் ஒன்றும் இல்லை. திரும்ப நட்டும் அது பிழைக்கவில்லை. அன்று மாதாஜிக்கு நான் தொலைபேசவில்லை.

இலை விட்டது என்பது வேர்விட்டதற்குச் சான்றன்று. தண்டிலுள்ள சேமிப்பைக் கொண்டே மொட்டு விரிந்துவிடும். சேமிப்பு தீர்வதற்குள் வேர் வந்தால் செடி, வராவிட்டால் விறகு. வேர் வந்ததா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. எட்டு வாரங்களுக்குப் பிறகு குச்சியை இரு விரலால் மிக மென்மையாக மேல்நோக்கி அசைத்தால் பிடிமானம் தெரியும். அல்லது தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் தலைகாட்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதே வேலை.

இரண்டு குச்சிகள் கடைசிவரை உறக்கம் கலையவே இல்லை. காரணத்தை எவரும் சொல்ல இயலாது. அவ்வாறு நேர்வது இயல்பே. ஆகவே ஒரு செடி வேண்டுவோர் ஐந்தாறு குச்சிகளாவது நடுதல் நலம். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் இடாமல் பிரித்து நடுவதும் நலம். ஒரு தொட்டியில் பூஞ்சை புகுந்தாலும் மற்றவை தப்பும்.

ஏப்ரல் இறுதியில் எண்ணிப் பார்த்தபோது, பதினான்கில் எட்டு வேர்பிடித்திருந்தன. அதற்குள் பழைய வீடு இருந்த இடம் வெறும் மண்சரிவாகிவிட்டிருந்தது.

வேர் வந்த பிறகு

வேர்விட்ட செடியை உடனே வெளியில் வைத்துவிடக் கூடாது. முதலில் புட்டியை நாளுக்கு ஒரு மணி நேரம், பின்னர் இரண்டு மணி நேரம் என விலக்கி, பத்து நாள்களில் முற்றிலும் நீக்குங்கள். பின்னர் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள தனித்தொட்டியில், தோட்டமண், இலைமட்கு, மணல் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து மாற்றி நடுங்கள். உரத்துக்கு அவசரம் வேண்டாம். ஒரு மாதம் கழித்து, நீர்த்த உரம் சிறிதளவு போதும்.

மூன்று சோடி இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். காலை வெயில் மட்டும் படட்டும்; பிற்பகல் வெயில் இலையைக் கருக்கும். ஆகஸ்டுக்குப் பிறகு கத்தரியைத் தொடாதீர்கள். மறு ஆண்டின் பூமொட்டு உருவாகும் காலம் அது. இச்செடியின் இலையும் மொட்டும் நச்சுத்தன்மை கொண்டவை. ஆகவே குழந்தைகளும் வளர்ப்பு நாய், பூனைகளும் வாய்வைக்காத இடத்தில் வைப்பது அவசியம்.

உங்கள் ஊர்க் குளிருக்கு ஏற்ப

மேற்சொன்னவை, இலை முற்றும் உதிரும் அளவுக்குக் குளிரும் மலையூர்களுக்குப் பொருந்தும். பெங்களூரு, உதகை போன்ற இடங்களில் பனிக்காலத்திலும் செடியில் இலைகள் எஞ்சியிருக்கலாம். அங்கே அரைமுற்றிய தண்டை எடுத்து, மேலே ஒரு சோடி இலையை மட்டும் விட்டு, அவ்விலைகளையும் பாதியாக வெட்டிவிட்டு நடுங்கள். இலைப்பரப்பு குறைந்தால் நீரிழப்பு குறையும். அத்தகைய மிதமான குளிரில் வேர் சற்று விரைவாகவே வரும்.

தில்லி, சண்டிகர், லக்னோ முதலிய சமவெளி நகரங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் குளிர் இச்செடியின் பூமொட்டுக்குத் துணைசெய்யும். மே, ஜூன் மாதங்களின் வெயிலே பகை. அங்கே தொட்டியில் வளர்த்து, கோடையில் வடக்குப் பார்த்த நிழலுக்கு நகர்த்துவதே வழி. சென்னை, மும்பை போன்ற கடலோர நகரங்களில் குச்சி வேர்விடும். ஆனால் பூமொட்டு உருவாகத் தேவையான நீடித்த குளிர் இல்லாததால் பூ காண்பது அரிது. அங்குள்ள வாசகர்கள் மலையில் வாழும் உறவினருக்கு ஒரு குச்சியை அன்பளிப்பாக நட்டுக் கொடுக்கலாம்.

"இது எங்கள் செடி அன்று"

எட்டில் மூன்றை 2024 அக்டோபரில் சண்டிகருக்குக் கொண்டுசென்றேன். பேருந்தில் என் மடியிலேயே அமர்ந்து வந்தன. மூன்றை, அதே சரிவில் வீடிழந்து வேறு வேறு பகுதிகளுக்குச் சென்ற பழைய அண்டை வீட்டார் பெற்றுக்கொண்டனர். இரண்டு என்னிடம் தங்கின.

2025 ஏப்ரல் இறுதியில் மாதாஜியிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் மகிழ்ச்சி இல்லை.

"பூத்துவிட்டது, பேட்டா. ஆனால் ரோஜா நிறத்தில் பூத்திருக்கிறது. நம்முடையது நீலம் அல்லவா? குச்சிகள் எங்கோ மாறிவிட்டன போலிருக்கிறது. உன்மேல் குற்றமில்லை. இது எங்கள் செடி அன்று."

என்ன சொல்வதென்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. ஆனால் குச்சிகள் மாறவில்லை. மாறியது மண்ணும் நீருமே.

ஹைட்ராஞ்சியாவின் நீலத்துக்கும் இளஞ்சிவப்புக்கும் நிறமி ஒன்றே. இதழ்போல் தோன்றும் புல்லிகளில் உள்ள அந்நிறமியோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம்; சேராவிட்டால் இளஞ்சிவப்பு. அலுமினியம் ஏறக்குறைய எல்லா மண்ணிலும் உண்டு. ஆனால் மண் அமிலத்தன்மையோடு இருந்தால்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். மண்ணின் கார அமில நிலை 5.5க்குக் கீழே இருந்தால் நீலம் நன்கு வரும், 6.5க்கு மேல் சென்றால் இளஞ்சிவப்பு. இடைப்பட்ட நிலையில் ஊதாவும் கலப்பு நிறங்களும் தோன்றும். வெள்ளை வகைகள் மட்டும் இவ்வாறு நிறம் மாறுவதில்லை. தேவதாரு மரங்களின் சருகு ஆண்டாண்டாக மட்கிய சிம்லா வீட்டு மண் அமிலத்தன்மை கொண்டது. சண்டிகரின் மண்ணும், மகள் வீட்டுக் கடினநீரும் அதற்கு நேர்மாறானவை.

குச்சியிலிருந்து வரும் செடி, விதையிலிருந்து வருவதுபோல் தாயும் தந்தையும் கலந்த புதிய செடி அன்று. தாய்ச்செடியின் உடலே வேறிடத்தில் தொடர்வது. இதையெல்லாம் தொலைபேசியில் விளக்கினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. நம்பவும் இல்லை என்பது குரலில் தெரிந்தது. ஜூன் மூன்றாம் வாரத்தில் சஞ்சௌலியில் என் சன்னலோரத்து இரண்டு செடிகளும் பூத்தன. இரண்டும் நீலம். படத்தை அனுப்பினேன். நெடுநேரம் விடை வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு வரி வந்தது: "அவருக்கு இந்த நிறம் பிடித்திருக்கும்." எந்த நிறம் என்று நான் கேட்கவில்லை.

நீலத்தை மீட்க வழி உண்டு என்று பின்னர் அவருக்குச் சொன்னேன். தொட்டி மண்ணில் ஊசியிலை மட்கைக் கூட்டலாம். குழாய் நீருக்குப் பதிலாகச் சேமித்த மழைநீரை ஊற்றலாம். நன்கு வேரூன்றிய செடிக்கு, நான்கு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி அலுமினியம் சல்பேட்டைக் கரைத்து, ஏற்கெனவே ஈரமாக உள்ள மண்ணில் வளர்ச்சிக் காலத்தில் சில முறை ஊற்றலாம். மிகுந்தால் வேர் கருகும். எலும்புத்தூள் போன்ற மணிச்சத்து மிகுந்த உரங்களைத் தவிர்க்க வேண்டும்; அவை அலுமினியத்தை வேருக்குக் கிடைக்கவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். பூத்த பூவின் நிறத்தை மாற்ற இயலாது. மாற்றம் அடுத்த பருவத்துப் பூவில்தான் தெரியும்.

மாதாஜி சற்று எண்ணிப் பார்த்து, மூன்று தொட்டிகளுள் ஒன்றுக்கு மட்டும் அவ்வாறு செய்தார். மற்ற இரண்டையும் அவ்வூர் நீருக்கே விட்டுவிட்டார். பேத்திக்கு இளஞ்சிவப்புதான் பிடித்திருக்கிறதாம்.

இவ்விதழ் உங்கள் கைக்கு வரும் நாள்களில் மலைகளில் செடிகள் உறங்கிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஹைட்ராஞ்சியா இருந்தால், ஒரு கத்தரியும் ஒரு தொட்டியும் இரண்டு மாதப் பொறுமையும் போதும். பெயர்ந்து செல்பவர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், அவர் கேட்பதற்கு முன்பே ஆறு குச்சிகளை வெட்டி வையுங்கள்.

சென்ற வாரம் மாதாஜி தொலைபேசினார். பக்கத்து வீட்டுப் பெண்மணி கேட்டாராம். தாமே வெட்டி ஐந்து குச்சிகளை நட்டிருப்பதாகச் சொன்னார். "புட்டியின் மூடியைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், பேட்டா. இழுத்தும் பார்க்க மாட்டேன்" என்றார். அலுமினியம் ஊற்றிய அந்த மூன்றாவது தொட்டியில் பூமொட்டு பருத்திருக்கிறதாம். அது நீலமாக விரியுமா என்பது வரும் சித்திரையில் தெரிந்துவிடும்.